ரவுட்டரா, சுவிட்சா, சும்மா கிடைக்கிற ஹப்பா? அலஸ்தோட்டம் வீட்டுக்கு எது சரி

அலஸ்தோட்டம்_வீடு
எல்லாருக்கும் வணக்கம். வீடு திருகோணமலை அலஸ்தோட்டத்தில், கடற்கரைப் பக்கம். கீழே நாங்கள் இருக்கிறோம், மேலே நான்கு அறைகளை வருகிற டூரிஸ்ட்டுகளுக்கு விடுகிறோம். பைபர் இணைப்போடு தந்த ரவுட்டரில் நான்கு போர்ட், நான்கும் நிரம்பிவிட்டது: டிவி பெட்டி, கமரா ரெக்கோர்டர், மகளின் கொம்பியூட்டர், மேல்மாடிக்குப் போகிற ஒற்றை வயர். சீசன் தொடங்குவதற்குள் மேலே அறைக்கு ஒரு வயர் இழுத்து வராந்தாவில் வைஃபை பெட்டி ஒன்றும் பூட்ட வேண்டும். மச்சான் கொழும்பிலிருந்து தன் பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து தந்திருக்கிறார். டவுன் கடைக்காரர் எட்டு போர்ட் சுவிட்ச் போதும் என்கிறார். பக்கத்து வீட்டு ஐயா தன்னிடம் ஒரு ஹப் சும்மா கிடக்கிறது, காசு வேண்டாம், எடுத்துக்கொண்டு போ என்கிறார். மூன்றையும் மேசையில் வைத்துப் பார்த்தால் ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே மாதிரி ஓட்டைகள். எதைப் போடுவது?

கிண்ணியா_வயரிங்
அண்ணன், ஹப் ஐயாவிடமே இருக்கட்டும். மற்ற இரண்டுக்கும் கேட்க வேண்டியது ஒரு கேள்விதான்: உங்களுக்கு ஓட்டை போதவில்லையா, இல்லை தனியாக இன்னொரு நெட்வொர்க்கே வேண்டுமா? ஓட்டைதான் பிரச்சினை என்றால் சுவிட்ச், அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

உங்கள் பைபர் பெட்டியை ரவுட்டர் என்று சொல்கிறோமே தவிர அதற்குள் பல வேலைகள் சேர்ந்து நடக்கின்றன. பைபரில் வருகிற ஒளியை மின் சிக்னலாக மாற்றுவது ஒன்று. ரவுட்டர் வேலை அடுத்தது, அதாவது வீட்டு நெட்வொர்க்குக்கும் வெளி இன்டர்நெட்டுக்கும் நடுவே நிற்பது, 192.168 என்று தொடங்குகிற முகவரிகளை வீட்டில் உள்ள போனுக்கும் டிவிக்கும் பங்கிட்டுக் கொடுப்பதும், வெளியே போகும்போது அத்தனையையும் ஒரே வெளி முகவரியில் அனுப்பி, வருகிற பதிலை யார் கேட்டாரோ அவருக்கே சேர்ப்பதும் அதுதான். பின்னால் இருக்கிற நான்கு லான், அதாவது வீட்டுப் பக்கப் போர்ட்டும் சேர்ந்து ஒரு சின்ன சுவிட்ச். வைஃபை தனி. ஆக, நீங்கள் சுவிட்ச் வாங்கினால் உள்ளே ஏற்கனவே இருக்கிற அந்த நான்கு ஓட்டையை நீட்டுகிறீர்கள், அவ்வளவுதான். ரவுட்டரின் லானில் இருந்து ஒரு வயர், சுவிட்சின் எந்த ஓட்டையிலும் சொருகலாம், செட்டிங் கிடையாது, பாஸ்வேர்ட் கிடையாது. கடையில் கிகாபிட் (வினாடிக்கு 1000 மெகாபிட்) என்று கேட்டு வாங்குங்கள், 10/100 மட்டும் போட்ட, 100 மெகாபிட்டோடு நிற்கிற பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

டொக்யார்ட்_பழசு
ஹப்பை இப்படி ஒரு வரியில் தள்ளிவிட்டீர்களே தம்பி. ஒரு காலத்தில் அலுவலகம் முழுக்க அதில்தான் ஓடியது. ஆனாலும் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் அல்லவா.

ஹப்புக்கு மூளை இல்லை. ஒரு ஓட்டையில் வருகிற மின் சிக்னலை அப்படியே புதுப்பித்து மற்ற எல்லா ஓட்டையிலும் விடும், யாருக்கு வந்தது என்று பார்க்காது. கோயில் திருவிழாவில் ஒருத்தரைத் தேடி லவுட்ஸ்பீக்கரில் பெயர் சொல்வார்களே, அது ஊருக்கே கேட்கும், அந்த ஒருவர் மட்டும் எழுந்து போவார், மற்றவர்கள் சும்மா இருப்பார்கள். அதேதான். ஒரே நேரத்தில் இரண்டு கொம்பியூட்டர் அனுப்பினால் இரண்டும் மோதிக் குழம்பும். உடனே இரண்டும் நிறுத்தி, ஆளுக்கொரு தற்செயலான நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பும். திரும்பத் திரும்ப மோதினால் பதினாறாவது முயற்சியோடு அந்தத் தரவுப் பொட்டலத்தைக் கைவிட்டுவிடும். இதனால் ஹப்பில் ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடியாது, ஒன்று முடிந்துதான் மற்றது.

கணக்குப் பாருங்கள். அந்தக் காலத்து 10 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 10 மெகாபிட்) ஹப்பில் அந்த 10 ஐயும் எல்லாரும் சேர்ந்து பங்கு போட வேண்டும். ஒரு கமரா 4 எம்பிபிஎஸ் அனுப்புகிறது என்று வைத்தால் மூன்று கமராவுக்கே 12 வேண்டும், அதற்கே போதாது, மகளின் பாடத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. பிறகு 100 எம்பிபிஎஸ் ஹப்பும் வந்தது. கிகாபிட் ஹப் என்று கடையில் ஒன்றும் விற்கவில்லை, விதிமுறையில் அதற்கு இடம் இருந்தும் யாரும் செய்து விற்கவில்லை, ஏனென்றால் அதற்குள் சுவிட்ச் மலிந்துவிட்டது. 1990இல் கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம் ஏழு போர்ட்டோடு முதல் ஈதர்நெட் (வயர் வழி நெட்வொர்க்) சுவிட்சை விற்க ஆரம்பித்தது, 1994இல் அந்த நிறுவனத்தையே சிஸ்கோ வாங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஹப்பின் கதை மெல்ல மெல்ல முடிந்தது.

மட்கோ_பொடியன்
ஒரு சின்னக் குறிப்பு. ஐயா தருகிறது உண்மையிலேயே ஹப்தானா என்று பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். இங்கே சுவிட்சையும் ஹப் என்றுதான் பலர் கேட்டு வாங்குகிறார்கள். மாடல் நம்பரைப் போட்டுத் தேடினால் தெரிந்துவிடும். பழைய ஹப் சிலவற்றில் மோதல் நடக்கும்போது எரிகிற விளக்கு ஒன்று தனியாக இருக்கும், அதைக் கண்டால் சந்தேகமே வேண்டாம்.

அலஸ்தோட்டம்_வீடு
பார்த்தேன். 10பேஸ்-டி என்று எழுதியிருக்கிறது, எட்டு ஓட்டை, மோதல் விளக்கும் இருக்கிறது. சரி, ஐயாவுக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டேன். சுவிட்ச் மட்டும் எப்படி மோதல் இல்லாமல் சமாளிக்கிறது?

கிண்ணியா_வயரிங்
ஒவ்வொரு நெட்வொர்க் சாதனத்துக்கும் தொழிற்சாலையிலேயே போட்ட 48 பிட் மேக் முகவரி உண்டு. சுவிட்ச், வருகிற ஒவ்வொரு பொட்டலத்திலும் அனுப்பியவர் முகவரியைப் பார்த்து “இந்த ஆள் மூன்றாம் ஓட்டையில் இருக்கிறார்” என்று ஒரு அட்டவணையில் போட்டுக்கொள்ளும். அடுத்த தடவை அவருக்கு ஏதாவது வந்தால் மூன்றில் மட்டும் விடும். யாரென்று இன்னும் தெரியாத முகவரி என்றால் எல்லா ஓட்டையிலும் விட்டுப் பார்க்கும், பதில் வந்ததும் கற்றுக்கொள்ளும். ஒருவர் சத்தமில்லாமல் இருந்தால் வழக்கமாக 300 வினாடியில் மறந்துவிடும். ஆகவே ரெக்கோர்டருக்குக் கமரா அனுப்புகிறது ஒரு பாதையில், மகளின் வகுப்பு இன்னொரு பாதையில், இரண்டும் ஒரே நேரத்தில், இரு திசையிலும் முழு வேகத்தில். 192.168 போன்ற ஐபி முகவரியைப் பற்றியோ இன்டர்நெட்டைப் பற்றியோ சாதாரண சுவிட்சுக்கு ஒரு கவலையும் இல்லை.

இன்னொன்று, கமரா படம் வீட்டிலேயே உள்ள ரெக்கோர்டரில் பதிவாவதற்கு இன்டர்நெட் டேட்டா ஒரு துளியும் போகாது. வெளியூரில் இருந்து போனில் பார்க்கிற போதுதான் போகும். இதைச் சொன்னால் பாதிப்பேர் நம்ப மாட்டார்கள்.

நிலாவெளி_சுழியோடி
எனக்கு ஏன் சுவிட்ச் என்று விளங்கவில்லை. எங்கள் டைவிங் சென்டரில் சும்மா கிடந்த இரண்டாவது ரவுட்டரைத்தான் போட்டோம், நன்றாகவே ஓடுகிறது. மச்சான் தந்ததைப் போடுங்கள், காசு மிச்சம்.

கிண்ணியா_வயரிங்
ஓடும். ஆனால் எந்த ஓட்டையில் சொருகினீர்கள் என்பதில்தான் விஷயம்.

ரவுட்டரில் ஒரு ஓட்டை மட்டும் மற்றவற்றோடு சேராமல், பெரும்பாலும் வேறு நிறத்தில், வான் (வெளி இணைப்பு) என்றோ இன்டர்நெட் என்றோ எழுதி இருக்கும். அதில் சொருகினால் இரண்டாவது பெட்டி முழு ரவுட்டராக வேலை செய்யும், தன் பின்னால் தனி நெட்வொர்க் கட்டும். லானில் சொருகினால் வெறும் சுவிட்ச், கூடவே வைஃபை. ஆனால் லானில் சொருகும் முன் அதில் டிஎச்சிபியை, அதாவது முகவரி பங்கிடுகிற வேலையை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் முகவரி கொடுப்பதற்கு இரண்டு பேர் போட்டி போடுவார்கள். காலையில் போனுக்கு நெட் வரும், மத்தியானம் வராது, அடுத்த அறையில் வரும், இந்த அறையில் வராது, எல்லாரும் இன்டர்நெட் நிறுவனத்துக்குப் போன் போட்டுத் திட்டுவார்கள். பிரச்சினை வீட்டுக்குள்ளே இருக்கும். இரண்டு பெட்டியும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் உட்கார்ந்திருந்தால் இன்னும் மோசம், இரண்டாவதின் முகவரியை 192.168.1.2 என்று மாற்ற வேண்டும்.

கண்டுபிடிக்கிறது லேசு. நெட் வராத போனில் வைஃபை விவரத்தைத் திறந்து கேட்வே, அதாவது ரவுட்டரின் முகவரியைப் பாருங்கள். வருகிற போனில் 192.168.1.1, வராததில் 192.168.0.1 என்று இருந்தால் இரண்டு பேர் முகவரி பங்கிடுகிறார்கள்.

நிலாவெளி_சுழியோடி
நாங்கள் வான் ஓட்டையில்தான் சொருகியிருக்கிறோம் நானா. விருந்தாளிகளை இரண்டாவது ரவுட்டரின் பின்னால் வைத்தால் எங்கள் சாமானை அவர்கள் பார்க்க முடியாது என்று பூட்டினவர் சொன்னார்.

உப்புவெளி_இரவுவேலை
அது தலைகீழ். நிறைய கெஸ்ட் ஹவுஸில் இப்படித்தான் பூட்டியிருக்கிறார்கள், அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் ரவுட்டர் 192.168.1 வரிசை, அதில் உங்கள் கமரா ரெக்கோர்டர் 192.168.1.50 இல் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டாவது ரவுட்டர் 192.168.5 வரிசை, அதன் பின்னால் விருந்தாளி. அவர் தன் லப்டொப்பில் 192.168.1.50 என்று அடிக்கிறார். இரண்டாவது ரவுட்டர் பார்க்கிறது: இது என் வரிசை இல்லை, ஆகவே வெளியே போக வேண்டியது. வெளியே என்றால் எங்கே? அதன் வான் ஓட்டை சொருகியிருப்பதே உங்கள் 192.168.1 நெட்வொர்க்கில். நேராகக் கொண்டுபோய் ரெக்கோர்டரின் வாசலில் விட்டுவிடும். ரெக்கோர்டருக்கு வந்தபோது இருந்த பாஸ்வேர்டே இன்னும் இருந்தால் அவர் உங்கள் முற்றத்தையே பார்க்கலாம்.

மறுபக்கம் பாருங்கள். உங்கள் பக்கத்திலிருந்து விருந்தாளியின் லப்டொப்பைத் தொட முடியாது, ஏனென்றால் உள்ளே இருந்து யாரும் கேட்காமல் வெளியே இருந்து வருகிற எதையும் இரண்டாவது ரவுட்டர் உள்ளே விடாது. அதாவது இந்த ஏற்பாட்டில் பாதுகாப்பு விருந்தாளிக்கு, வீட்டுக்காரருக்கு இல்லை. மாற்றிப் போட வேண்டும்: விருந்தாளிகள் முதல் ரவுட்டரில், குடும்பமும் கமராவும் இரண்டாவதின் பின்னால்.

சுவிட்ச் இந்த விஷயத்தில் ஒன்றும் செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண சுவிட்சில் சொருகின எல்லாரும் ஒரே நெட்வொர்க். ஹப்பில் போல அடுத்தவர் பொட்டலம் தானாகவே உங்கள் வயருக்கு வராது, ஆனால் ஒருவரை ஒருவர் தேடிப் போய்த் தட்டலாம்.

டொக்யார்ட்_பழசு
சரியான பேச்சு. ஆனால் இரட்டை ரவுட்டர் என்றால் இரட்டை முகவரி மாற்றம் வரும், ஆன்லைன் கேம் விளையாடுகிற பிள்ளை இருந்தால் முறைப்பாடு வரும். ஒழுங்காகச் செய்வதென்றால் மனேஜ்டு சுவிட்ச், அதாவது செட்டிங் மாற்றக் கூடியது வாங்கி விலான் போட்டுப் பிரிக்கலாமே, ஒரே சுவிட்சை உள்ளே இரண்டாகப் பிரித்த மாதிரி.

உப்புவெளி_இரவுவேலை
விலான் நல்லதுதான் ஐயா, ஆனால் ரவுட்டருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். இணைப்போடு தருகிற பெட்டிகள் பலவற்றில் அந்தப் பக்கமே வாடிக்கையாளருக்குத் திறக்காது. சுவிட்சில் மட்டும் பிரித்து ரவுட்டரில் பிரிக்காவிட்டால் ஒரு பக்கத்துக்கு நெட்டே இருக்காது. வீட்டுக்காரர் தானே பார்த்துக்கொள்ளக் கூடிய ஏற்பாடு வேண்டும், நாளைக்கு ஏதாவது என்றால் நாமா போய் நிற்கப் போகிறோம்?

அலஸ்தோட்டம்_வீடு
அப்படியென்றால் மச்சானின் ரவுட்டரும் வேண்டும், சுவிட்சும் வேண்டுமா? எதை எங்கே என்று ஒரு தடவை சொல்லுங்கள், வயர் இழுக்கிற பாஸை வரச் சொல்லியிருக்கிறேன்.

உப்புவெளி_இரவுவேலை
பைபர் பெட்டியில் ஒரு ஓட்டை டிவி பெட்டிக்கு, அதில் கை வைக்காதீர்கள், சில இணைப்புகளில் டிவிக்கென்றே ஒரு ஓட்டையை ஒதுக்கியிருப்பார்கள். இன்னொன்றிலிருந்து மேல்மாடிக்கு, அங்கே எட்டு போர்ட் சுவிட்ச். நான்கு அறை, வராந்தா வைஃபை, வருகிற வயர், ஆக ஆறு போக இரண்டு மிச்சம். மூன்றாவதிலிருந்து மச்சானின் ரவுட்டரின் வான் ஓட்டைக்கு. அதன் லானில் கமரா ரெக்கோர்டரும் மகளின் கொம்பியூட்டரும், உங்கள் வீட்டுப் போன்களும் அதன் வைஃபையில். நான்காவது சும்மா இருக்கட்டும்.

மச்சானின் ரவுட்டரில் உள் முகவரியை 192.168.5.1 என்று மாற்றுங்கள். இரண்டு பக்கமும் ஒரே வரிசையாக இருந்தால் எது உள்ளே எது வெளியே என்று தெரியாமல் நின்றுவிடும். வைஃபை பூட்டு முறை டபிள்யூபிஏ2 அல்லது அதற்கு மேல். லேசாக உடைக்கக் கூடிய பழைய டபிள்யூஈபி மட்டும் தெரிந்த பெட்டி என்றால் அதுவும் ஐயாவின் ஹப்போடு சேரட்டும். பைபர் பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஏனென்றால் இனி விருந்தாளிகள் அதன் பக்கம் இருப்பார்கள். வராந்தா வைஃபையில் கிளையன்ட் ஐசோலேஷன் என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டால் அந்த வைஃபையில் இருக்கிற விருந்தாளிகள் ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

பாலையூற்று_அக்கா
கமராவை வெளியே இருந்து போனில் பார்ப்பது இதனால் நிற்காதா? எங்கள் கடையில் ரவுட்டர் மாற்றினதும் நின்றுவிட்டது.

கிண்ணியா_வயரிங்
கம்பனி ஆப்பில் கியூஆர் ஸ்கேன் பண்ணிப் பார்க்கிறதாக இருந்தால் நிற்காது அக்கா, ரெக்கோர்டரே உள்ளே இருந்து வெளியே கூப்பிடுகிறது, எத்தனை ரவுட்டர் நடுவே இருந்தாலும் பதில் திரும்பி வரும். போர்ட் பார்வர்டிங், அதாவது வெளியே இருந்து வருவதை ரெக்கோர்டருக்கு விடச் சொல்லி ரவுட்டரில் விதி போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் நிற்கும். உங்கள் கடையில் அதுவாகத்தான் இருக்கும், பழைய ரவுட்டரில் போட்ட விதி புதிதில் இல்லை.

அலஸ்தோட்டம்_வீடு
அவசரம். பாஸ் வயர் இழுத்து முடித்துவிட்டுப் போனார். மேலே சுவிட்சைப் போட்டதும் கொஞ்ச நேரம் ஓடியது, பிறகு வீடு முழுக்க நெட் இல்லை, டிவியும் நின்றுவிட்டது. சுவிட்சின் எல்லா விளக்கும் ஒன்றாகப் பயங்கர வேகத்தில் மினுங்குகிறது. சுவிட்ச் பழுதா?

உப்புவெளி_இரவுவேலை
எல்லா விளக்கும் சேர்ந்து துடிக்கிறதா? வளையம். ஒரே வயரின் இரண்டு நுனியும் எங்கேயோ அதே சுவிட்சுக்கு வந்திருக்கிறது. கீழே இருந்து மேலே எத்தனை வயர் வந்திருக்கிறது, எண்ணிப் பாருங்கள்.

அலஸ்தோட்டம்_வீடு
இரண்டு! பழைய ஒற்றை வயரை எடுக்காமல் புதிதும் இழுத்திருக்கிறார், இரண்டும் பைபர் பெட்டியில் இருந்து சுவிட்சுக்கு. நான்காவது ஓட்டை சும்மா இருக்கிறது என்று அதையும் சொருகியிருக்கிறார். ஒன்றைக் கழற்றினேன், உடனே எல்லாம் வந்துவிட்டது. இரண்டு வயர் என்றால் வேகம் கூட வேண்டும் அல்லவா, ஏன் இப்படி?

டொக்யார்ட்_பழசு
எல்லாருக்கும் என்று அனுப்புகிற பொட்டலத்தைச் சுவிட்ச் வந்த ஓட்டையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் விட வேண்டும், அது விதி. ஒரு வயரில் மேலே வந்தது அடுத்த வயரில் கீழே போகும், அங்கே உள்ள சுவிட்ச் மறுபடி மேலே அனுப்பும். ஐபி பொட்டலத்தில் ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் குறைகிற ஒரு எண் இருக்கிறது, பூச்சியம் ஆனால் தூக்கி எறிவார்கள். சுவிட்ச் பார்க்கிற ஈதர்நெட் பொட்டலத்தில் அப்படி ஒன்றும் இல்லை, சுற்றிக்கொண்டே இருக்கும், புதிதாக வருகிறதும் அதோடு சேர்ந்துகொண்டே போகும், கண் மூடித் திறப்பதற்குள் வயர் நிரம்பிவிடும். 1985இல் ரேடியா பெர்ல்மன் என்ற பெண் பொறியியலாளர் இதற்கு ஸ்பானிங் ட்ரீ என்ற வழியைக் கண்டுபிடித்தார், சுவிட்சுகள் தங்களுக்குள் பேசி உபரிப் பாதையை அடைத்துவிடும். கடையில் மலிவாகக் கிடைக்கிற சின்ன சுவிட்சுகளில் அநேகமாக அது இருக்காது. பழைய வயரின் இரண்டு நுனியிலும் டேப் சுற்றி எழுதி வையுங்கள், அடுத்த பாஸ் வந்து மறுபடி சொருகுவார்.

மட்கோ_பொடியன்
ஒரு கேள்வி நடுவில். எங்கள் வீட்டில் டிவி பெட்டியைச் சுவிட்ச் வழியாக எடுத்தோம், டிவி ஓடும்போது அந்தச் சுவிட்சில் இருக்கிற வைஃபை பெட்டி இழுக்கிறது. இதுவும் வளையமா?

உப்புவெளி_இரவுவேலை
இல்லை. வயர் வழியாக வருகிற நேரடி டிவி பல இடங்களில் மல்டிகாஸ்ட், ஒரே ஒளிபரப்பைப் பலர் சேர்ந்து கேட்கிற முறை. சாதாரண சுவிட்சுக்கு அதை யார் கேட்டார் என்று தெரியாது, எல்லா ஓட்டையிலும் விடும், வைஃபை பெட்டி அதையும் காற்றில் விட முயன்று மூச்சுத் திணறும். அந்த நேரத்தில் உங்கள் சுவிட்ச் அசல் ஹப்பாகிவிடுகிறது. ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் உள்ள சுவிட்ச் என்றால் கேட்டவருக்கு மட்டும் கொடுக்கும். அது வாங்க மனமில்லை என்றால் டிவி பெட்டியை நேரே ரவுட்டரில் போடுங்கள்.

அலஸ்தோட்டம்_வீடு
மூன்றாம் அறையில் மட்டும் லப்டொப் 100 எம்பிபிஎஸ் என்று காட்டுகிறது, மற்ற அறைகளில் 1 ஜிபிபிஎஸ். ஒரே சுவிட்ச், ஒரே வயர் ரோல்.

கிண்ணியா_வயரிங்
அந்த வயரின் நுனி. கிகாபிட்டுக்கு நான்கு சோடிக் கம்பியும் தொட வேண்டும், 100 க்கு இரண்டு சோடி போதும். ஒரு கம்பி ஒழுங்காகக் கடிபடவில்லை என்றால் சத்தமில்லாமல் 100 க்கு இறங்கிவிடும், ஆனாலும் நெட் வரும், அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். நுனியில் உள்ள ஆர்ஜே45 பிளக்கை வெட்டி மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். கடலோரத்தில் உப்புக் காற்றுப் படுகிற இடத்தில் சொக்கெட் என்றால் கம்பி பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். வயர் முழுச் செம்பா, செம்பு பூசின அலுமினியமா என்று பெட்டியில் எழுதியிருக்கும், சிசிஏ என்று இருந்தால் அலுமினியம், அதைத் தவிர்க்கலாம்.

நிலாவெளி_சுழியோடி
நான் வீட்டில் போய்ப் பார்த்தேன். விருந்தாளி வைஃபையில் இருந்து எங்கள் கமரா பக்கம் திறக்கிறது. நன்றி இரவுவேலை, நாளைக்கே மாற்றுகிறேன். எங்கள் அலுவலகத்துக்கும் கடற்கரைக் கொட்டிலுக்கும் நடுவே வெளியில் வயர் போகிறது, அதற்கு ஏதும் செய்ய வேண்டுமா?

கிண்ணியா_வயரிங்
செய்ய வேண்டும். ஒக்டோபர், நவம்பர் இடி மின்னலில் இரண்டு கட்டடத்துக்கு நடுவே போகிற செம்பு வயர்தான் முதலில் சேதத்தை உள்ளே கொண்டுவரும், சுவிட்ச் மட்டும் போகாது, ரவுட்டரும் ரெக்கோர்டரும் கூடப் போகும். அந்த ஓட்டத்துக்கு மட்டும் பைபர் போட்டு இரண்டு பக்கமும் ஒளியையும் மின் சிக்னலையும் மாற்றித் தருகிற மீடியா கன்வேர்ட்டர் வையுங்கள், உலோகம் இல்லாத பைபரில் மின்சாரம் போகாது. செம்புதான் என்றால் ஈதர்நெட் சர்ஜ் பாதுகாப்பு, ஒழுங்கான எர்த்தோடு. நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

அலஸ்தோட்டம்_வீடு
எல்லாம் ஓடுகிறது. கடைசியாக ஒன்று: கரண்ட் போகும்போது கீழே பைபர் பெட்டிக்கு சின்ன யுபிஎஸ் வைத்திருக்கிறேன், ஆனாலும் மேலே நெட் இல்லை என்று விருந்தாளிகள் கேட்கிறார்கள்.

கிண்ணியா_வயரிங்
மேலே உள்ள சுவிட்சும் வராந்தா வைஃபையும் கரண்டில் ஓடுகிறவைதானே அண்ணன், அவற்றுக்கும் ஒன்று வேண்டும். ரவுட்டருக்கென்று விற்கிற சின்ன டிசி யுபிஎஸ் போதும், ஆனால் கீழே உள்ளதற்கு வாங்கினதையே மேலேயும் வாங்கிவிடாதீர்கள். பைபர் பெட்டி 12 வோல்ட்டாக இருக்கும், சின்ன சுவிட்சுகள் பல 5 வோல்ட்டில் ஓடுகிறவை. அடப்டரில் எழுதியிருக்கிற வோல்ட்டையும் அம்பியரையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.